சுபாவின் கூடையை நான் சாமியாக்கிய விதம்

தேயிலைத் தோட்டத்து மேல் கணக்கு, ஐந்தாம் லய வரிசையின் கடைசிக் காம்பரா வீட்டின் முடிசூடா மன்னனும், பசறை வீதியின் வளைவுகள் அத்தனையையும் கொழுந்து லொறியில் ஒற்றைக் கையால் ஓட்டிக் காட்டியவனும், சொன்ன பொய்களை அடுக்கி வைத்தால் நமுனுகுல மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பும் என்ற பெருமைக்கு உரியவனுமாகிய உன் அப்பன், மகள் சுபாவுக்கு எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நீ திரைக்கு அந்தப் பக்கம் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய், நான் இந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கம்மாவின் பழைய சேலை ஒன்றுதான் நமக்கு நடுவில் இருக்கும் சுவர். முன்பெல்லாம் இந்தப் பக்கம் நான் இருமினாலே அந்தப் பக்கம் நீ சிரிப்பாய். இப்போது நான் ராசா வேசம் கட்டி ஆடினாலும் அங்கிருந்து பெட்டிப் பூட்டின் சத்தம் மட்டும்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நீ கொழும்புக்குப் போகிறாய். சமதரை மைதானம் உள்ள ஒரு பாடசாலையில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சந்தோசப்பட வேண்டிய அப்பன் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் நீ போகவில்லை, நான்தான் உன்னை அனுப்புகிறேன். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பயிற்சிக்குப் போய்வந்த அன்று நீ கைப்பையிலிருந்து மூன்று பிளாஸ்டிக் தட்டுகளை எடுத்து வைத்தாய். "என்ன பாப்பா, சோறு போடுற தட்டா? ஓரம் இவ்ளோ கூரா இருக்கு, கொழம்பு நிக்காதே" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "எறியுற தட்டுப்பா. டிஸ்க் கோல்ஃப். தூரத்துல ஒரு கம்பம் நிக்கும், அதுல சங்கிலி தொங்கும். தட்டு சங்கிலில பட்டு கீழ இருக்கிற கூடைல விழணும். கொறைஞ்ச எறியில யாரு போடுறாங்களோ அவங்களுக்கு வெற்றி." அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒரு கொட்டாவியோடு முடித்திருப்பேன். ஆனால் நீ எழுந்து நின்று, கதவுக்கு வெளியே தெரிந்த தேயிலை மலையைக் கையால் காட்டிச் சொன்னாய்: "நம்ம ஸ்கூல்ல கிரவுண்டே இல்லப்பா. பந்த அடிச்சா தண்ணிக் கானுக்குள்ள போவுது, கான்ல இருந்து ஆத்துக்குப் போவுது. சமதரை இருக்கிற ஸ்கூலோட போட்டி போட்டு எப்பவும் தோத்துட்டு வாறோம். இதுக்கு சரிவுதான் வேணும். மேடு, பள்ளம், மரம் எல்லாம் இருந்தாத்தான் அழகே. ஒலகத்துலயே நல்ல கிரவுண்டு நம்மகிட்டத்தான் இருக்கு, யாருமே பாக்கல." அந்த நேரத்தில் உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால், தொரை பங்களாவின் விளக்குகள் அத்தனையும் வெட்கப்பட்டுத் தாமாகவே அணைந்திருக்கும். இதில் மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை.

விசயம் விளையாட்டோடு முடியவில்லை. நீ நிரந்தர நியமனம் இல்லாத தொண்டராசிரியை, உன் வேலை காற்றில் வைத்த விளக்கு. கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் பிடித்துவிட்டால், தோட்டப் பாடசாலைகளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு உனக்கு வரும், வேலையும் நிலைக்கும். பாடசாலை அதிபர் பேசி ஒரு சனிக்கிழமைக்கு அவர்களை வரச் சொல்லியிருந்தார். தட்டுகள் கையில் இருந்தன. கூடைதான் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் கூடையின் விலையைப் போனில் காட்டினாய். நான் போனைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தேன், குறையவில்லை. "விடு பாப்பா! ஒங்கப்பன் கையில ஒரு ஸ்பேனரும் ரெண்டு பைப்பும் குடுத்தா ரயிலே செய்வான்!" என்றேன். அடுப்படியிலிருந்து உங்கம்மா, "வீட்டுக் கதவுக்குத் தாப்பாள் போடச் சொல்லி வருசமாவுது" என்றாள். அவள் எப்போதும் இப்படித்தான், வரலாற்றுச் சிறப்புமிக்க கணங்களில் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுவாள்.

நீ வரைந்து தந்த படத்தில் மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். சைக்கிள் ரிம் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். ஆனால் நம் தோட்டத்தில் ஏது சைக்கிள்? ஏறும்போது நாம் அதைச் சுமக்க வேண்டும், இறங்கும்போது அது நம்மைக் கொல்லும். அதனால் பதுளைக் கடைவீதிக்குப் போனேன். எல்லோரும் 'நானா' என்று கூப்பிடும் பழைய சாமான் கடைக்காரர், நான் பொறுக்கி வைத்த பொருட்களைப் பார்த்துத் தாடியைத் தடவினார். "என்னண்ணே, ரெண்டு ரிம்மு, ஒரு கட்டு நாய்ச் சங்கிலி, கோழி வலை. கோழியக் கட்டப் போறீங்களா, நாய அடைக்கப் போறீங்களா?" "ஒலகக் கிண்ணம் செய்யப் போறேன், நானா." "அப்ப இந்தப் பெயின்ட் டின்னையும் எடுத்துட்டுப் போங்க, காசு வேணாம். ஒலகக் கிண்ணம் துருப் புடிக்கக் கூடாது."

ரிம்மில் கம்பி கோர்க்கும் ஓட்டைகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக நாய்ச் சங்கிலிகளை மாட்டித் தொங்கவிட்டேன். கீழ் நுனிகளைக் குழாயோடு சேர்த்து ஒரு வளையத்தில் பிடித்துக் கட்டினேன். நீ எறிந்து பார்த்தாய். தட்டு, கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போகிற சம்பந்திபோல, சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் போய்விட்டது. "உள்ளுக்குள்ள இன்னொரு வரிசை வேணும்பா, கொஞ்சம் லூசா" என்றாய். மாட்டினேன். அடுத்த எறியில் தட்டு சங்கிலியில் மோதி, 'சலார்' என்று சத்தம் போட்டு, கீழ் ரிம்மில் கட்டியிருந்த கோழி வலைத் தொட்டிலில் வந்து படுத்தது. நாம் இருவரும் போட்ட கூச்சலில் லயத்து நாய்கள் எல்லாம் தங்கள் சங்கிலிகளைத் தேடின. அடித்தளம்தான் என் தலைவலி. பழைய த்ரீவீல் டயருக்குள் சிமெந்து ஊற்றிக் குழாயை நட்டேன். பெருமையாக இருந்தது. அதைத் தூக்க நாலு ஆண்களும் ஒரு யானையும் தேவைப்பட்டது. யானை கிடைக்கவில்லை. "அப்பா, இத நான் பஸ்ல கொண்டு போகணும்" என்று மெதுவாகச் சொன்னாய். பிறகு டயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரும்புப் பட்டையில் மூன்று கால் வைத்தேன். குழாயை இரண்டாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துப் போல்ட் போட்டேன். கழற்றினால் ஒரு உரப்பையில் அடங்கும், தோளில் போட்டுக்கொண்டு போகலாம். என் வாழ்நாளில் நான் சரியாகச் செய்து முடித்த ஒரே பொருள் அதுதான், மகளே. அதையும் நானே கெடுத்தேன்.

நீ ஒரு வாரப் பயிற்சிக்குப் பதுளைக்குப் போனாய். நான் கூடைக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, பூட்டிக் கிடக்கும் பெக்டரிக்குப் போகிற பாதை முடக்கில், வாகை மரத்தடியில் காயவைத்தேன். பெயின்ட் காயும்வரை கழற்றவும் முடியாது, நிமிர்ந்தபடி வீட்டுக்குள் வைக்க இடமும் இல்லை. வெளியே வைத்தாலோ, நம் தோட்டத்தில் இரும்பு என்று ஒன்று கிடந்தால் அதற்கு விடிவதற்குள் கால் முளைத்துவிடும். பழைய இரும்புக்காரன் வந்துபோன பிறகு குழாய்த் தலைகூட மிஞ்சுவதில்லை. அப்போது உன் அப்பனின் மாபெரும் மூளை வேலை செய்தது. ஒரு கை மஞ்சள் தூளைக் கரைத்துக் குழாயில் பூசினேன். பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு. மேல் ரிம்மில் ஒரு எலுமிச்சம் பழம். கள்ளன் தொடுவானா? நானே தூர நின்று பார்த்தபோது எனக்கே கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. உங்கம்மா பார்த்தாள். "வெளையாட்டு வெனையாயிரும், தொடச்சிட்டு வாங்க" என்றாள். நான் துடைக்கவில்லை.

தோட்டத்துக்கு வெளியே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரோதமுனி என்பவர் தேயிலைப் பெக்டரியின் சாமி. உள்ளே சுழலும் பெரிய சக்கரங்களைக் காப்பவர். பெல்ட் அறுந்து ஆள் சாகாமல், கை மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. நம் பெக்டரியை மூடியபோது அவரையும் உள்ளே வைத்துத்தான் பூட்டினார்கள். அன்று முதல் சனங்கள் கதவுக்கு வெளியே கற்பூரம் கொளுத்தி, பூட்டைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட சனங்கள் மலைக்குப் போகிற வழியில் நான் ஒரு சக்கரத்தைக் கம்பத்தில் ஏற்றி, சங்கிலி தொங்கவிட்டு, மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை முதலில் வந்தது பக்கத்துக் காம்பரா சரோஜா. கொழுந்துப் பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நின்றாள். நான் கல்லில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, இது யாரு வச்சது?" "யாரு வச்சா? காலைல பாத்தேன், நிக்கிறாரு" என்றேன். காற்று அடித்தது, சங்கிலி மெல்ல முனகியது. அவள் செருப்பைக் கழற்றினாள். "ரோதமுனியாண்ணே?" "நா சொல்லலம்மா, நீ சொல்ற." அதற்குள் பின்னால் வந்தவர்களும் செருப்பைக் கழற்றினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது. அதை அவர்கள் அழுகை என்று நினைத்தார்கள். அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டியவன் போகவில்லை. அத்தனை கண்கள் என்னையே பார்த்தால் எனக்குக் கால் நகராது, உனக்குத் தெரியுமே. வாயைத் திறந்தேன். "ராத்திரி கனவுல வந்தாரு. 'என்னப் பூட்டிப்புட்டாங்கடா, எனக்கு வீடு இல்லடா, காத்து வாங்க வெளிய வாறேன்டா'ன்னாரு" என்றேன். சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவ்வளவு நல்ல பொய்.

மஞ்சள் பூசியது விளையாட்டு. கனவு விளையாட்டு இல்லை. அந்த வித்தியாசத்தை நீ என்னிடம் எப்போதோ கேட்டுவிட்டாய். நீ சின்ன வகுப்பில் இருந்தபோது, தண்டவாளம் ஏன் பதுளையோடு முடிகிறது என்று கேட்டாய். கொழும்பிலிருந்து மலை ஏறி ஏறி ரயிலுக்கு மூச்சு வாங்குகிறது, இங்கே வந்ததும் படுத்துவிடுகிறது, அதன்பிறகு யார் சொன்னாலும் எழும்பாது என்று சொல்லிவைத்தேன். நீ அதை வகுப்பில் எழுந்து நின்று சொல்லி, எல்லோரும் சிரிக்க, வீட்டுக்கு வந்தாய். அழவில்லை. "கதைன்னா கதைன்னு சொல்லிட்டுச் சொல்லுங்கப்பா, நானும் சிரிப்பேன்ல?" என்றாய். எவ்வளவு சின்ன வேண்டுகோள்! அதை நான் பெரிய மனுசியின் பேச்சு என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேனே தவிர, ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை. உனக்கு அப்பனாக நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று உண்டென்றால் அது உன்னிடமிருந்தே எடுத்ததுதான். கேட்பவருக்கும் அது கதை என்று தெரிந்திருந்தால்தான் அது கதை. சொல்பவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதற்கு வேறு பெயர்.

அந்த வாரத்தின் நடுவில் சரோஜாவின் புருசன் மாரியப்பனைக் குளவி கொட்டியது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் புதருக்குள் கத்தி பட்டுக் கூடு கலைந்து, ஒரு கூட்டமே அவன் மேல் விழுந்துவிட்டது. அவனை, லொறியை விட்ட பிறகு நான் வாடகைக்கு ஓட்டும் த்ரீவீலில்தான் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் சரோஜா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோதமுனியைக் கூப்பிட்டாள். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர் கேட்கும்போதெல்லாம் வளைவில் வண்டி என் பிடியில் நிற்கவில்லை. திரும்பி வந்ததும் அவள் நேரே வாகை மரத்தடிக்குப் போனாள். மஞ்சள் துணியைக் கிழித்துச் சங்கிலியில் கட்டிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். வேலை முடிந்து வந்த பிறகு தினமும் அங்கேதான் நின்றாள். நானும் தினமும் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று, "போய்ச் சொல்லுடா" என்றது. "இந்த நேரத்தில் போயா?" என்று இன்னொன்று சொன்னது. எனக்கு வசதியாக இருந்ததை நான் கேட்டுக்கொண்டேன்.

அலுவலக ஆட்கள் வரவிருந்த சனிக்கிழமை காலை, முதல் நாள் பயிற்சி முடிந்து வந்திருந்த நீ ஸ்பேனரையும் உரப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தாய். மரத்தடியில் மாலையும் கற்பூரமும் பார்த்துத் திகைத்து நின்றாய். போல்ட்டில் கை வைத்ததும் சரோஜா ஓடிவந்து கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ சுபா, கை வைக்காத!" "அத்தை, இது நான் வரைஞ்சு குடுத்து அப்பா செஞ்சது. ஸ்கூலுக்குக் கொண்டு போகணும். பின்னேரம் கொண்டாந்து வச்சிர்றேன்." "செஞ்சது யாரா வேணா இருக்கட்டும்மா. அவரு வந்து நின்னுட்டாரே! ஒங்க மாமா ஆஸ்பத்திரில இன்னும் கண்ணு முழிக்கல. இந்த நேரத்துல பேத்து எடுத்தா நா எங்க போவேன்?" சனம் கூடிவிட்டது. யாரோ ஒருவர், "கனவு கண்ட ஆள் நிக்கிறாரே, அவரக் கேளுங்க!" என்றார். சரோஜா என்னைப் பார்த்தாள். "சொல்லுங்கண்ணே. எடுக்கலாமா?" நீயும் என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. "அப்பா, சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா விட்ருவாங்க. எனக்கு பஸ் வந்துரும்."

'நான் கனவு காணல' என்ற மூன்று சொல் போதும். பசறை வீதியை ஒற்றைக் கையால் வளைத்த வீரனுக்கு அந்த மூன்று சொல் வளையவில்லை. சரோஜாவின் மேல் இரக்கப்பட்டுத்தான் பேசாமல் இருந்தேன் என்று பிற்பாடு உங்கம்மாவிடம் சொன்னேன். அது பாதிதான். மற்றப் பாதியையும் இங்கே எழுதிவிடுகிறேன். முன்பெல்லாம் என்னைக் கண்டால், "வந்துட்டாருப்பா கதை விட" என்று முகத்தைத் திருப்பியவர்கள், அந்த வாரம் முழுக்க எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கடையில் எனக்குத் தேத்தண்ணீர் முதலில் வந்தது. பெரியவர்கள்கூட என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த மரியாதையைக் கைவிட மனசு வரவில்லை, மகளே. உன் வேலையை ஒரு தட்டிலும் அந்தத் தேத்தண்ணீரை மறு தட்டிலும் வைத்தேன். "உத்தரவு வரலம்மா" என்றேன். அதையும் கொஞ்சம் தொண்டையைத் தாழ்த்திச் சொன்னேன், பாவி.

நீ ஸ்பேனரைப் பையில் போட்டாய். தட்டுகளை எடுத்துக்கொண்டாய். என்னைத் திட்டியிருக்கலாம், ஊருக்கு முன்னால் உண்மையை நீயே போட்டு உடைத்திருக்கலாம். நான் உன் அப்பன் என்பதற்காக அதைச் செய்யாமல் பஸ்ஸுக்கு நடந்தாய். நான் உன் அப்பன் என்பதற்காக எதையுமே செய்யாமல் நின்றேன். அன்று பாடசாலையில் என்ன நடந்தது என்று நீ சொல்லவே இல்லை. அதிபர்தான் என் வண்டியில் ஏறியபோது சொன்னார். ஒரு கம்பில் பிளாஸ்டிக் வாளியைக் கட்டிவைத்து விளையாடிக் காட்டினாயாம். தட்டு வாளியில் பட்டுப் பட்டு வெளியே துள்ளியதாம். வந்தவர்களில் ஒருவர், "ஏன் மிஸ், குப்பை வாளிக்குள்ள தட்டுப் போடச் சொல்லிக்குடுக்கவா ஒரு டீச்சர்?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். "நல்லாத்தான் வெளக்கிச் சொன்னா ஒங்க மக. ஆனா கண்ணால பாக்க ஒண்ணும் இல்லையே" என்றார் அதிபர். அவரை இறக்கிவிட்டுக் காசு வாங்காமல் வந்தேன். அவர் அதை என் பெருந்தன்மை என்று நினைத்திருப்பார்.

மாரியப்பன் கண் விழித்தான், வீட்டுக்கும் வந்தான். அதன்பிறகு கேட்க வேண்டுமா? ரோதமுனி காப்பாற்றிவிட்டார். கூரை போட்டுக் கோயிலாக்குவோம், அண்ணன்தான் பூசாரி என்று முடிவாயிற்று. கனவில் கண்டபடி கூரை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அதே வாரத்தில்தான் நீ கொழும்பு வேலைக்குச் சம்மதம் சொன்னாய். உங்கம்மா சோற்றுச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சாமி வந்து ஒக்காந்துட்டாரு, பொண்ணு கெளம்பிட்டா. நல்லா இருக்கு ஒங்க ராச்சியம். சாப்புடுங்க." நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் சாப்பிட்டேன். ருசிக்கத்தான் இல்லை.

கை கழுவிவிட்டுப் பக்கத்துக் காம்பராவுக்குப் போனேன். சரோஜா கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தாள், மாரியப்பன் வீங்கிய முகத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தான். "வாங்கண்ணே, உக்காருங்க." நான் உட்காரவில்லை. "சரோஜா, அந்தக் கனவு… நான் காணலம்மா." "என்னண்ணே?" "கனவே வரல. நான் படுத்தா பொணம் மாதிரித் தூங்குறவன். கம்பத்துல மஞ்சள் பூசுனதும் நான்தான், கள்ளன் எடுக்காம இருக்க. மிச்சம் எல்லாம் கதை." மாரியப்பன் வாய் கோணச் சிரித்தான். "நா நெனச்சேன்டி! இவரு கனவுல எந்தச் சாமி வரும்? வந்தாலும் இவரு பேசுறதக் கேட்டு ஓடிப்போயிரும்." சரோஜா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நா அத்தன நாளும் அழுதது ஒங்க நாய்ச் சங்கிலியப் புடிச்சிக்கிட்டாண்ணே?"

"ஒன் மனசு ஒடஞ்சிரும்னுதான் அன்னைக்குச் சொல்லல" என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. "எம் மனசப் பத்திப் பேசாதீங்க. நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா நா மாரியாத்தாகிட்டப் போயிருப்பேன், முருகன்கிட்டப் போயிருப்பேன். எனக்கென்ன சாமிக்கா பஞ்சம்? அந்தப் புள்ளைக்கு அந்த ஒரு கூடைதானே இருந்துச்சு? ஒங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சே, அதயும் நாந்தானே தடுத்தேன். என்னையும் சேத்துப் பாவியாக்கிட்டீங்க." நான் வாசல் பக்கம் ஒரு அடி வைத்தேன். "எங்கிட்ட மட்டும் ரகசியமா வந்து சொன்னா ஆச்சா? எல்லாருக்கும் சொல்லுங்க. இல்ல, நா சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணியைப் புருசனுக்கு ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை.

மறுநாள் வாகை மரத்தடியில் கூடை இல்லை. நீ மூன்று நாளாக அந்தப் பாதையிலேயே போகாததால் உனக்குத் தெரிந்திருக்காது. சரோஜாவே உங்கம்மாவிடம் ஸ்பேனர் வாங்கி, தன் மஞ்சள் துணியை அவிழ்த்து, கம்பத்தைக் கழுவி, கழற்றி, உரப்பையில் போட்டு, பஸ்ஸில் ஏற்றிப் பாடசாலையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். என் வீட்டு வாசலில் வைக்கவில்லை. "செஞ்சவருக்கு இல்ல, கேட்டவளுக்கு" என்று உங்கம்மாவிடம் சொன்னாளாம். வழியில் மறித்த சனத்திடம், "ஏன்னு அண்ணன் சொல்லுவாரு" என்று மட்டும் சொன்னாளாம். நேற்று பாடசாலைப் பக்கம் வண்டி ஓட்டிப் போனேன். பாடசாலைக்கு மேலே இருக்கும் சரிவில், தேயிலைக்கும் கல்லுக்கும் நடுவே நிறுத்தியிருக்கிறார்கள். பிள்ளைகள் கீழேயிருந்து மேல்நோக்கி எறிகிறார்கள். தட்டுகள் கானில் விழுகின்றன, மரத்தில் மாட்டுகின்றன, ஒன்றிரண்டு சங்கிலியில் விழுகின்றன. எப்படி எறிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லவும் பயமாக இருக்கிறது. அலுவலகத்து ஆட்களை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாம், ஆனால் சொல்லிக்கொடுக்க டீச்சர் இருந்தால்தான் கூப்பிட முடியும் என்று அதிபர் சொன்னார். அவர் சொன்னது இவ்வளவுதான், நான் ஒரு எழுத்தும் கூட்டவில்லை. நம்பிக்கை வராவிட்டால் அவரையே கேள், அதுதான் சரி. வருவார்கள் என்றோ வேலை நிலைக்கும் என்றோ அவர் சொல்லவில்லை. இதை எழுதுவதே உன்னைப் பிடித்து நிறுத்துகிற இன்னொரு வித்தையோ என்று நீ யோசிப்பாய். நானும் என்னை அப்படித்தான் சந்தேகப்படுகிறேன். கண்ணீர் வருகிற மாதிரி ஒரு பத்தி எழுதி உன் பெட்டியைத் திறக்க வைக்க என்னால் முடியும், சுபா. அந்தப் பத்தி என் விரல் நுனியில் நிற்கிறது. எழுத மாட்டேன். போவதானால் போ. சமதரையிலும் நீ நன்றாகத்தான் எறிவாய். நிற்பதானால் நில். அப்பாவுக்காக நின்றேன் என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதே, அதைத் தாங்குகிற தோள் எனக்கு இல்லை.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பதா, மடித்துப் பெட்டியில் வைப்பதா என்று உங்கம்மாவிடம் கேட்டேன். "ரெண்டும் வேணாம். பஸ் நிக்கிற எடத்துல கடைச் சுவத்துல ஒட்டுங்க. நீங்க கதை சொன்னது ஊருக்கு, அவகிட்ட மட்டும் எப்புடி மன்னிப்புக் கேப்பீங்க?" என்றாள். அதனால் நீ இதை ஞாயிற்றுக்கிழமை காலை, பெட்டியோடு, எல்லோருக்கும் நடுவில் நின்றுதான் படித்துக்கொண்டிருப்பாய். சிலர் சிரிப்பார்கள். கூரைக்கென்று தகரம் கொண்டுவந்தவர்கள் கோபப்படுவார்கள். நான் வீட்டுக்குள் இருக்க மாட்டேன். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். யாராவது திரும்பி, "அண்ணே, இது நெசமா?" என்று கேட்டால், நீ பஸ் ஏறுவதற்குள், உன் காதில் விழும்படி, "ஆமாங்க, நான்தான்" என்று சொல்வதற்காக.